நாட்டு விதைகளை வருடக்கணக்கில் காப்பது எப்படி? செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலிருந்து புதுவயல் போகிற வழியில் எங்கள் வீடு. நாட்டுக் காய்கறி விதைகளும் கொஞ்சம் பாரம்பரிய நெல்லும் சேர்த்து வைத்து, கேட்கிறவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். தை மாதம் வாங்கிப் போகிறவர்கள் ஆடியில் வந்து "முளைக்கவே இல்லக்கா" என்பார்கள். உட்கார வைத்து விசாரித்தால், விதைத்த விதத்தில் பெரும்பாலும் குறை இருக்காது. நடுவில் அந்த ஆறு மாதம் விதை எங்கே, எப்படி இருந்தது என்பதில்தான் கோளாறு இருக்கும். ஒவ்வொரு வருடமும் அதே கேள்விகள் வருவதால், கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

விதைக்கு உயிர் இருக்குன்னு சொல்றீங்க. சும்மா டப்பாவுல கிடக்குறது எப்படிக்கா சாகும்?

விதை தூங்குகிறது, ஆனால் மூச்சு விட்டுக்கொண்டேதான் தூங்குகிறது. உள்ளே இருக்கும் மாவும் எண்ணெயும் அந்தக் குட்டிச் செடிக்கு அம்மா கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. ஈரமும் சூடும் கூடினால் விதை வேகமாக மூச்சு விடும், கட்டுச்சோறு சீக்கிரம் கரையும், செல்களின் சவ்வுகள் பழுதாகும். ஒரு கட்டத்துக்கு மேல் தண்ணீர் பட்டாலும் எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. வெளியே பார்த்தால் அதே நிறம், அதே பளபளப்பு. கண்ணால் பார்த்து உயிர் இருக்கிறதா என்று சொல்ல முடியாது.

காப்பது என்றால் அந்த மூச்சை மெதுவாக்குவது, அவ்வளவுதான். அதற்கு நம் கையில் இருக்கும் பெரிய பிடி ஈரம், அடுத்தது சூடு. பூச்சியும் பூசணமும் ஈரத்தின் பின்னாலேயே வருகிறவை.

ஒரு விதை எத்தனை வருஷம் தாங்கும்?

சாதியைப் பொறுத்தது. நம் ஊர்ச் சூட்டில், வீட்டு அலமாரியில், சுமாராகக் காய வைத்த நிலையில் வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே பெரிது. நிலக்கடலையும் அப்படித்தான். எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும், மேல்தோல் கிழிந்த பருப்பு இன்னும் சீக்கிரம் போகும், அதனால் கடலையை ஓட்டோடு வையுங்கள். மிளகாய், வெண்டை, நெல், பயறு வகைகள் ஓரிரு வருடம். கத்தரி, தக்காளி, சுரை, பூசணி எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தால் மூன்று நான்கு வருடத்துக்குக் குறையாமல் வரும்.

இதே விதைகளை இன்னும் உலர்த்தி, காற்றுப் புகாமல் மூடி, குளிரில் வைத்தால் கணக்கே வேறு. இஸ்ரேலில் மசாடா கோட்டையைத் தோண்டியபோது கிடைத்த பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005ல் நட்டார்கள். கிட்டத்தட்ட 2000 வருடப் பழைய கொட்டை, முளைத்து மரமாகிவிட்டது. யாரும் அதைப் பொத்திப் பொத்திப் பாதுகாக்கவில்லை. சாக்கடல் ஓரத்துப் பாலைவனத்தின் வறண்ட காற்றுதான் அதைக் காத்தது.

எல்லா விதையையும் காய வெச்சு எடுத்து வைக்கலாமா?

கூடாது. மா, பலா, நாவல், தென்னை, கறிவேப்பிலை இவையெல்லாம் காய்ந்தால் செத்துப்போகும் சாதி. பழம் தின்ற கையோடு மண்ணில் ஊன்ற வேண்டும். கறிவேப்பிலைப் பழத்தைத் தாளில் மடித்து மூன்று மாதம் கழித்து நட்டுவிட்டு என்னைக் கேட்டவர்கள் நிறையப் பேர். வேம்பு இரண்டுங்கெட்டான். சதையை அலசி நிழலில் உலர்த்தினால் சில வாரம் தாக்குப்பிடிக்கும், அதற்குள் போட்டுவிடுங்கள்.

நெல், சிறுதானியம், பயறு, கீரை, காய்கறி இவை எல்லாம் காய்ச்சலைத் தாங்கும் சாதி. இதற்குக் கீழே சொல்வதெல்லாம் இவற்றுக்கு மட்டும்தான்.

கடையில வாங்குன காயிலிருந்து விதை எடுத்து வெச்சா என்ன?

இரண்டு சிக்கல். அது இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்த வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அடுத்த தலைமுறை தாய் மாதிரி வராது, ஒன்றொன்றும் ஒரு திசையில் போகும். இரண்டாவது, சமையலுக்குப் பறிக்கிற காய் பிஞ்சு. அதன் விதையில் கட்டுச்சோறு முழுதாகக் கட்டப்படவில்லை, எவ்வளவு நன்றாக வைத்தாலும் நாள் தாங்காது.

விதைக்கென்று விட்ட காயைச் செடியிலேயே முற்ற விட வேண்டும். கத்தரி நன்றாக மஞ்சளாகிப் பழுக்க வேண்டும். வெண்டை காய்ந்து விளிம்பு வெடிக்கப் போகும் நேரம் பறிக்க வேண்டும். சுரையும் பீர்க்கும் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். தக்காளி விதையைச் சாறோடு ஒன்றிரண்டு நாள் புளிக்க விட்டு அலசினால் மேலே இருக்கும் வழவழப்பு போய்விடும்.

மொட்டை மாடி வெயில்ல மூணு நாள் போட்டேன். அது போதாதா?

போதாது என்பதைவிட, கூடிப்போயிருக்கலாம் என்பதுதான் என் பயம். சித்திரையில் நம் வீட்டுத் தட்டோட்டுத் தரையில் மத்தியானம் வெறுங்காலோடு நிற்க முடியுமா? கால் பொறுக்காத சூட்டை ஈர விதை பொறுக்காது. தகரத்தில் போட்டால் இன்னும் மோசம். முதலில் இரண்டு மூன்று நாள் நிழலில், காற்றோட்டமாக, துணியிலோ ஓலைப்பாயிலோ மெல்லிசாகப் பரப்புங்கள். பிறகு காலை எட்டிலிருந்து பதினொன்று வரை, மறுபடி மூன்று மணிக்கு மேல் இளவெயில். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை உள்ளே எடுத்துவிடுங்கள். அடிக்கடி கிளறிவிட வேண்டும்.

இன்னொன்று, ராத்திரி மாடியிலேயே விட்டுவிடுகிறார்கள். பகலில் விட்ட ஈரத்தை விடிவதற்குள் விதை திரும்பக் குடித்துவிடும். பொழுது சாய்வதற்குள் அள்ளி, ஆறவிட்டு, மூடி வையுங்கள். சூட்டோடு மூடினால் டப்பாவுக்குள் வியர்த்துவிடும்.

காய்ஞ்சிருச்சான்னு எப்படித் தெரியும்? மீட்டர் எல்லாம் எங்ககிட்ட இல்ல.

நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. சுரை, பூசணி விதையை இரண்டு விரலால் வளைத்தால் ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம். பயறில் நகம் பதியக் கூடாது.

உப்புச் சோதனையும் உண்டு. நன்றாக வறுத்து ஆறவிட்ட உப்பை இரண்டு கரண்டி, உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, கால் பாட்டில் விதையும் போட்டு மூடிக் குலுக்குங்கள். பத்து நிமிடம் கழித்து உப்பு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் என்று அர்த்தம். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே. ஆனால் 15 என்பது சேமிப்புக்கு ரொம்ப அதிகம். விதைச் சான்றுக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் உச்ச அளவு நெல்லுக்கு 13, வெண்டைக்கு 10, உளுந்துக்கு 9, கத்தரி தக்காளி மிளகாய்க்கு 8, சுரைக்கு 7 சதவீதம். அதுகூட சாதாரணப் பைக்கு. காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பதாக இருந்தால் நெல்லே 8க்கு இறங்க வேண்டும். அது வெயிலில் மட்டும் நடக்காது, ஈரம் குடிக்கும் மணிகளான சிலிகா ஜெல் பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

சித்திரை வெயில்தானே விதையைக் கெடுக்குது? அதான் குளுகுளுன்னு மண்பானையில வெச்சேன்.

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் நம் பக்கத்தில் விதை சாகிற மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும்தான். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் உப்பு ஜாடியில் உப்பு கசிகிறது, அப்பளம் நமுத்துப்போகிறது. விதையும் அதே காற்றில்தான் இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் இருந்தால், எவ்வளவு காய்ந்த நெல்லும் மெல்ல மெல்ல 14 சதவீதத்தை ஒட்டிப் போய் நிற்கும். மண்பானைக்கு உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. தண்ணீர்ப் பானையைக் குளிர்விக்கும் அதே துளை வழியாகத்தான் மழைக்காலத்து ஈரம் விதைக்குப் போகிறது.

ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை அறிஞர் எளிய கணக்கு ஒன்று சொல்லியிருக்கிறார். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், சூடு சுமார் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும். ஓரளவு எல்லைக்குள் இது நன்றாகவே பொருந்துகிறது. இன்னொரு கணக்கு: ஃபாரன்ஹீட்டில் சூட்டையும் காற்றின் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டினால் 100க்குள் இருக்க வேண்டும். சித்திரையில் 100 டிகிரியும் 45 சதவீதமும் என்று வையுங்கள், 145. கார்த்திகையில் 82 டிகிரியும் 85 சதவீதமும் என்றால் 167. உடம்புக்குக் குளிர்ச்சியாக இருக்கிற மாதம்தான் விதைக்குக் கொடிய மாதம்.

ஆகவே, பானைக்குப் பதில் ரப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் பாட்டில் அல்லது இறுக்கமாக மூடும் டின். பர்மாவிலிருந்து வந்த பீங்கான் ஜாடி வீட்டில் இருந்தால் அதுவும் நல்லதுதான், உடம்பில் துளை இல்லை. ஆனால் மூடி லொடலொடவென்று இருக்கும், மெழுகு வைத்து அடைக்க வேண்டும். வைக்கிற இடத்துக்கு நம் பழைய வீடுகளின் உள்கட்டு அறையை விட நல்லது கிடைக்காது. சுவர் கனம், வெளிச்சம் கிடையாது, பகல் சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தரையில் வைக்காதீர்கள், சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், மழையில் இரண்டும் ஈரம் ஏறும். ஒரு பலகை போட்டு அதன் மேல் வையுங்கள்.

சிலிகா ஜெல் எங்க கிடைக்கும், எவ்வளவு போடணும்? வறுத்த அரிசியே போதும்னு சொல்றாங்களே?

ரசாயனப் பொருள் விற்கும் கடையில் கிலோ கணக்கில் கேளுங்கள். நிறம் மாறும் வகை நல்லது. நீல மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு மணி பச்சையாகும். நீலத்தில் கோபால்ட் உப்பு சேர்ந்திருக்கிறது, அதனால் வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஆரஞ்சு வாங்குங்கள். வெயிலில் முடிந்த வரை காய்ந்த விதையைத் துணி முடிச்சில் கட்டி, விதையின் எடைக்குச் சமமாக ஜெல் போட்டு, பாட்டிலில் ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு விதையை வேறு உலர்ந்த பாட்டிலுக்கு மாற்றி, காவலுக்குக் கொஞ்சம் ஜெல் மட்டும் போட்டால் போதும். நிறம் மாறிய மணிகளை ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் பழையபடி ஆகிவிடும். சமையல் பாத்திரத்தில் வேண்டாம்.

வறுத்த அரிசியும் வேலை செய்யும். சிவக்க வறுத்து, மூடிய பாத்திரத்திலேயே ஆறவிட்டு, விதையைப் போல இரண்டு பங்கு போடுங்கள். திறந்து ஆறவிட்டால் அந்த நேரத்திலேயே ஈரம் குடித்துவிடும். ஜெல் அளவுக்கு இழுக்காது, ஆனால் ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல். அளவுக்கு மீறிக் காய வைப்பதும் தவறு. பயறும் வெண்டையும் ரொம்ப உலர்ந்தால் தோல் கல்லாகி, தண்ணீரில் போட்டாலும் ஊறாமல் கிடக்கும்.

எங்க அப்பத்தா சாம்பல் போட்டு, சாணி அப்பி, அடுப்புக்கு மேல கட்டி வைப்பாங்க. அதெல்லாம் சும்மாவா?

சும்மா இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டு செய்தால் இன்றைக்கும் பலிக்கும். சாம்பல் ஈரத்தை இழுக்கும், சிறு பூச்சியின் மேல்தோலை உராய்ந்து அதை உலர்த்திக் கொல்லும். பயறுக்குச் செம்மண் கட்டுவதும் அதே போல. வண்டு முட்டை ஒட்ட இடம் கிடைக்காது. நொச்சி, வேப்பிலை நிழலில் சருகாகக் காய்ந்த பிறகு போட வேண்டும், பச்சையாகப் போட்டால் நாமே ஈரத்தைக் கொண்டுபோய் வைக்கிறோம். வசம்பைப் பொடித்து ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் கலக்கலாம். நெல்லை வைக்கோல் பிரியால் விதைக்கோட்டையாகக் கட்டி மேலே சாணி மெழுகினார்கள். ஓர் அறுப்பிலிருந்து அடுத்த விதைப்பு வரை அது அருமையாகக் காக்கும். ஐந்து வருடத்துக்கு அவர்கள் திட்டம் போடவே இல்லை, வருடா வருடம் விதைத்தார்கள்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. என் அப்பத்தா விறகடுப்புக்கு மேலே உத்திரத்தில் சுரைக் குடுக்கை கட்டியிருப்பார். கரி படிந்து கறுத்து, கயிறு தொட்டால் பிசுபிசுக்கும். அடைத்த வாயைத் திறந்து கவிழ்த்தால் உள்ளே கத்தரி விதை பொன் நிறத்தில் சரசரவென்று கொட்டும். விறகுச் சூடும் புகையும் அதைத் தினமும் உலர்த்தின. இப்போது அதே இடத்தில் கேஸ் அடுப்பு. கேஸ் எரிந்தால் நீராவி வரும், குக்கரின் ஆவி வேறு. அங்கே விதையைக் கட்டினால் தினமும் நனைக்கிற மாதிரிதான்.

தட்டைப்பயறை இறுக்கி மூடித்தான் வெச்சேன். வண்டு எப்படி உள்ள போச்சு?

அது வெளியே இருந்து வரவில்லை, வயலிலிருந்தே கூட வந்தது. செடியில் காய் முற்றும்போதே பயறு வண்டு நெற்றின் மேல் முட்டை வைத்துவிடுகிறது. புழு பயறுக்குள் துளைத்துப் போய் உள்ளேயே தின்று, ஒரு மாதத்தில் வண்டாகி, வட்டமாக ஒரு ஓட்டை போட்டு வெளியே வரும். நீங்கள் மூடும்போது பயறில் ஊசி முனையளவு வெள்ளைப் புள்ளிகள் இருந்திருக்கலாம், அவைதான் முட்டை. கண்ணாடி வைத்துப் பாருங்கள், தெரியும்.

கொஞ்சம் விதைதான் என்றால் வழி சுலபம். ஜெல்லில் நன்றாகக் காய வைத்து, காற்றுப் புகாமல் கட்டி, ஃபிரீசரில் ஒரு வாரம் வையுங்கள். முட்டை, புழு எல்லாம் போய்விடும். நிறைய இருந்தால் காற்றுப் புகாத டிரம்மில் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். உள்ளே இருக்கும் கொஞ்சம் காற்றைப் பூச்சியே சுவாசித்துத் தீர்த்துவிட்டு மூச்சுத் திணறிச் சாகும். பாதி டிரம் காலியாக இருந்தால் இது நடக்காது. அமாவாசைக்கு அமாவாசை எடுத்துக் காய வைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. மாதம் ஒரு தடவை கட்டாயம் கிளறிப் பார்க்க வைக்கிறதே, வண்டின் ஒரு மாதக் கணக்குக்கு அது சரியாகப் பொருந்துகிறது.

ஒரு மாத்திரை போட்டா வண்டே வராதாம். போடட்டுமா?

வேண்டாம். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சுப் புகையை விடும். அது கிடங்குக்கு, பயிற்சி பெற்றவர்கள் கையாள்வதற்கு. மனிதர்கள் படுத்துத் தூங்குகிற வீட்டில் அதை வைத்து உயிர் போயிருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன ஃபிரீசரும் டிரம்மும் வீட்டுக்குத் தாராளம்.

ஃபிரிட்ஜ்ல வைக்கலாமா, கூடாதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

காய்ந்திருந்தால், காற்றுப் புகாத பாட்டிலில் இருந்தால், தாராளமாக வைக்கலாம். ஃபிரிட்ஜுக்குள் காற்று ஈரமானது, கீரை வாடாமல் இருப்பதே அதனால்தான். தாள் பொட்டலத்தில் வைத்தால் விதை குளிரில் உட்கார்ந்து ஈரம் குடிக்கும். மின்சாரம் போய்ப் போய் வந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். பாட்டில் இறுக்கமாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தால் பெரிய கெடுதல் இல்லை. கதவில் வைக்காமல் உள் தட்டில் வையுங்கள்.

வெளியே எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். நான் ஒரு கார்த்திகையில் பாகல் விதைப் பாட்டிலை எடுத்த வேகத்தில் திறந்துவிட்டேன். கண் முன்னால் விதைகளின் மேல் பனி பூத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நின்றது. துடைத்து மூடி மறுபடி உள்ளே வைத்தேன். மாசியில் பார்த்தபோது சாம்பல் நிறப் பூசணம். நாலு வருடம் பொறுக்கிச் சேர்த்த குட்டைப் பாகல், அன்றோடு போயிற்று. எனவே பாட்டிலை மூடியபடியே ஒரு ராத்திரி வெளியே வைத்துவிட்டு, காலையில் திறங்கள். சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து வைத்தால் ஒன்றைத் திறக்க எல்லாவற்றையும் திறக்க வேண்டியதில்லை.

உலகத்து விதையை எல்லாம் மைனஸ் 18ல வைக்கிறாங்களாம். எங்க வீட்டு ஃபிரீசரும் அதேதானே?

குளிரைப் பொறுத்த வரை கிட்டத்தட்ட அதேதான். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் மலைக்குள் 2008ல் திறந்த விதைக் கிடங்கு மைனஸ் 18 டிகிரி. டெல்லியில் இருக்கும் தேசியத் தாவர மரபு வளப் பணியகத்தின் கிடங்கும் மைனஸ் 18. லடாக்கில் சாங் லா கணவாயில் இயற்கைக் குளிரையே நம்பி ஒரு கிடங்கு வைத்திருக்கிறார்கள்.

வித்தியாசம் குளிருக்கு முன்னால் நடக்கும் வேலையில் இருக்கிறது. அங்கே விதையைத் தனி அறையில், குறைந்த சூட்டில், ரொம்ப வறண்ட காற்றில் வாரக்கணக்கில் உலர்த்தி, ஈரத்தைப் பெரும்பாலும் 3லிருந்து 7 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, அலுமினியப் பையில் அடைத்த பிறகே குளிருக்கு அனுப்புகிறார்கள். ஈரம் கூடிய விதையை ஃபிரீசரில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி செல்லைக் கிழித்துவிடும். ஜெல்லில் உலர்த்தாத விதையை ஃபிரீசரில் வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் கீழ்த்தட்டே போதும்.

முளைப்பு எப்படிப் பார்க்கிறது?

நூறு விதையை எண்ணி எடுங்கள். குறைவாக இருந்தால் ஐம்பது, இருபத்தைந்து. நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வையுங்கள். தினமும் தண்ணீர் தெளித்தால் போதும், ஊற வைக்க வேண்டாம். நெல், கத்தரி, தக்காளி, மிளகாய்க்குப் பதினான்கு நாள், வெண்டைக்கு இருபத்தொரு நாள் வரை பொறுக்க வேண்டும். வேரும் தளிரும் ஒழுங்காக வந்ததை மட்டும் எண்ணுங்கள். வேர் மட்டும் எட்டிப் பார்த்து நின்றுவிட்டது கணக்கில் சேராது. சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு நெல்லுக்கு 80, கத்தரி தக்காளிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் சுரைக்கும் 60 சதவீதம். வருடம் ஒரு தடவை, ஆடிக்கு ஒரு மாதம் முன்னால் பார்த்துவிடுங்கள்.

பார்த்த தேதியையும் எண்ணிக்கையையும் பென்சிலால் சீட்டில் எழுதி பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள். மை மங்கும், பென்சில் மங்காது. வெளியே ஒட்டிய சீட்டை வெள்ளிப்பூச்சி தின்றுவிடும்.

உப்புத் தண்ணில முட்டையைப் போட்டு மிதக்கவிட்டு நெல்லைத் தேர்ந்தெடுப்பாங்களே, அதைச் செஞ்சுட்டு எடுத்து வைக்கட்டுமா?

நல்ல முறை, ஆனால் விதைப்பதற்கு முந்தின நாள் செய்ய வேண்டியது. பதரை நீக்கத்தான் அது. சேமிக்கும் முன்னால் நனைத்தால் காய வைத்த உழைப்பு எல்லாம் வீண்.

அறுத்த கையோட கவுனி நெல்லுல முளைப்பு பார்த்தேன், பாதிகூட வரல. செத்துருச்சா அக்கா?

பயப்படாதீர்கள், பெரும்பாலும் உறக்கமாக இருக்கும். நெடுநாள் சம்பா ரகங்கள் பலவற்றில் அறுத்தவுடன் முளைக்காத ஒரு காலம் உண்டு. தையில் எதிர்பாராத மழை பெய்தால் கதிரிலேயே முளைத்துவிடாமல் இருக்க இயற்கை போட்ட பூட்டு அது. ஒன்றிரண்டு மாதம் கழித்து அதே துணிச் சோதனையைச் செய்யுங்கள். செத்த விதை துணியில் ஊறிக் குழைந்து பூசணம் பிடிக்கும். உறங்கும் விதை கெட்டியாக, சுத்தமாகக் கிடக்கும். இந்த வித்தியாசத்தைப் பழகிக்கொண்டால் நல்ல விதையைத் தூக்கிப் போட மாட்டீர்கள்.

நூத்துக்கு நாப்பதுதான் வந்துச்சு. ரெண்டு மடங்கு போட்டா சரியாப் போச்சா?

இந்த வருடச் சாப்பாட்டுக்குச் சரி. விதைக்குச் சரி இல்லை. அறுபது செத்திருக்கிறது என்றால் மீதி நாற்பதும் கிழடுதான். துணியில் வந்தது வயலில் வராமல் போகலாம், வந்தாலும் நோஞ்சானாக இருக்கும். பெரிய விதைக் கிடங்குகளில் ஆரம்ப முளைப்பில் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலே வயலில் போட்டுப் புதுப்பிக்கிறார்கள். நாம் அவ்வளவு கண்டிப்பாக இருக்க முடியாது என்றாலும், 60ஐத் தொட்டதும் அந்த ஆடியிலேயே விதைத்துப் புது விதை எடுத்துவிடுங்கள்.

எடுக்கும்போது ஒரே ஒரு நல்ல சுரைக்காயிலிருந்து எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். சுரை, பூசணி மாதிரி வண்டும் தேனீயும் கலக்குகிறவற்றில் பல கொடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால்தான் ரகத்தின் குணம் முழுதாக இருக்கும். பாதியை வேறு ஊரில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் இரண்டு கிலோ விதைநெல் கொடுத்து, அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திரும்ப வாங்கினார். ஒருவர் வயலில் வெள்ளம் வந்தாலும் இன்னொருவர் வீட்டில் ரகம் இருந்தது. என் குட்டைப் பாகலை நான் யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை.

சட்டப்படி விதை வெச்சுக்கறதும் கொடுக்கறதும் தப்பில்லையே?

தப்பில்லை. 2001ஆம் வருடத்துப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, உழவர் தன் விளைச்சலில் விதை சேமிக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பெயர் அச்சிட்ட விதைப் பொட்டலமாக விற்கக் கூடாது, அது ஒன்றுதான் தடை. வெளிநாட்டில் இருக்கிற உறவுக்காரர்களுக்கு அனுப்புவது வேறு சங்கதி. அந்த நாட்டின் தாவரத் தடுப்பு விதி என்ன, பயிர் நலச் சான்று வேண்டுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஊறுகாய் பாட்டிலோடு பெட்டியில் சொருகி அனுப்பாதீர்கள்.

பழைய வீட்டைப் பிரிக்கும்போது மூணாம் கட்டுல ஒரு மங்கு டப்பாவுல விதை கிடைச்சுச்சு. எந்த வருஷம்னு தெரியல. முளைக்குமா?

நம் ஊரில் வீடுகள் பிரிபடப் பிரிபட இந்தக் கேள்வி கூடிக்கொண்டே போகிறது. தூணும் கதவும் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் வீதிக்குப் போகின்றன, டப்பாவில் இருக்கும் விதையைக் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து கொட்டாதீர்கள். முதலில் என்ன விதை என்று பாருங்கள். பயறில் ஓட்டை இருந்தால், வெங்காயம் கடலையாக இருந்தால் நம்பிக்கை குறைவு. சுரை, பூசணி, கத்தரி, கீரை என்றால் முயற்சி செய்யலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நனைக்க வேண்டாம். முதலில் பத்து விதை. ரொம்ப உலர்ந்த பழைய விதை திடீரென்று தண்ணீரில் விழுந்தால் சவ்வு கிழியும், அதனால் ஈரத் துணி மூடிய பெட்டியில் ஒரு நாள் வெறும் ஈரக்காற்றில் வைத்துவிட்டு, பிறகு முன்பு சொன்ன துணிச் சுருளுக்கு மாற்றுங்கள். இளஞ்சூடான இடமாக இருக்கட்டும். வழக்கமான நாளைவிட இரண்டு மடங்கு பொறுங்கள். ஒன்றே ஒன்று முளைத்தாலும் தொட்டியில் மாற்றி, நிழலில் வளர்த்து, பூ வந்ததும் கையால் மகரந்தம் வைத்து ஒரு காயாவது பிடிக்க வையுங்கள். மீதி விதையை அதுவரை உலர்த்தி மூடியே வைத்திருங்கள். டப்பாவைக் கொண்டுவந்தால் நானும் கூட உட்கார்ந்து பிரித்துப் பார்க்கிறேன். அந்த வீட்டில் அடுப்படி பார்த்த ஆச்சி யாராவது இருந்தால், கொல்லையில் என்ன காய்த்தது என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.